பார்வையாளர் பாடத்துக்குள் இருக்கிறார்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு இந்த இடத்திலேயே அழுகி விழட்டும். என் மனைவியின் தம்பிக்கு நடந்தது இது. அவன் அன்று எப்படி மூச்சு விட்டான் என்பது வரை எனக்குத் தெரியும். திகில் கதை என்றால் நடுநிசி வேண்டும், மழை வேண்டும், எங்கேயாவது ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இது நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது. நான் என்ன செய்ய?

அவன் 'வெளியிடு' என்ற பட்டனை அழுத்தினான். கணினி கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது: 'வெளியிட இயலாது. ஒரு பார்வையாளர் பாடத்துக்குள் இருக்கிறார்.'

அந்தப் பாடத்தைத் திறக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவன் அவன். இன்னொருவர் அவனுடைய அதிகாரி.

பாடம் என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம் இல்லை. நகரத்தின் சுரங்க ரயிலில் வேலை பார்ப்பவர்களும், ஏதாவது வேலையாகச் சுரங்கத்துக்குள் போய்வரும் வெளியாட்களும், உள்ளே கால் வைக்கும் முன் கணினியில் பார்த்துத் தேர்வெழுதித் தேற வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி அது. படங்கள், குரல், கடைசியில் கேள்விகள். அதைச் செய்வதுதான் அவன் உத்தியோகம். அதனால் ஆபீசில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். ஒரு வகுப்பில்கூட நின்றதில்லை. ஒரு பையனைக்கூடக் காதைப் பிடித்துத் திருகியதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பார்த்து முடிக்க அரை மணி நேரம். செய்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஆகவில்லை. காரணம் அந்த அதிகாரிதான், பாதுகாப்பு அதிகாரி. அவருக்கும் ஒரு பெயர் உண்டு: காற்புள்ளி. சுரங்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளத்தைப் பற்றி அவன் உயிரைக் கொடுத்து ஒரு படம் செய்து அனுப்புவான். வாரம் கழித்துத் திரும்பி வரும், 'ஆகவே'க்குப் பிறகு காற்புள்ளி இல்லை என்ற குறிப்போடு. போட்டு அனுப்புவான். ஹெல்மெட்டின் மஞ்சள் போதவில்லை என்று வரும். மஞ்சளைக் கூட்டுவான். முன்பிருந்த மஞ்சளே தேவலை, ஆனால் அந்தக் காற்புள்ளி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று வரும்.

இதில் எல்லாவற்றையும்விட மோசமான சண்டை ஒரு சொல்லுக்காக நடந்தது. வெளியாட்களை அவன் 'வருகையாளர்' என்று எழுதியிருந்தான். காற்புள்ளி அதை அடித்துவிட்டு 'பார்வையாளர்' என்று போட்டார்.

"சார், பார்வையாளர்னா பார்க்கிறவர். வர்றவர் இல்ல."

"பார்க்கத்தானேய்யா வர்றாங்க?"

"சினிமாவுக்கு வர்றவங்களைச் சொல்லலாம். சுரங்கத்துக்குள்ள ஒயரை மாத்த வர்றவனை எப்படி சார்..."

"ஆஸ்பத்திரில என்ன போர்டு போட்டிருக்கு? பார்வையாளர் நேரம். அங்க என்ன சினிமாவா ஓடுது? மாத்துய்யா."

மாற்றினான். ஒவ்வொரு இடமாகத் தேடி மாற்றப் பொறுமை இல்லை. மொத்தமாக மாற்றும் வசதி கணினியில் உண்டல்லவா, ஒரே தட்டு. பாடம், தேர்வு, நுழைவு அட்டை, வாயிற்கதவுகளின் பதிவு என்று அந்தச் சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் புதுச் சொல் போய் உட்கார்ந்துகொண்டது. அது நடந்தது வெள்ளிக்கிழமை மாலை. சனிக்கிழமை மத்தியானம் பாடத்துக்குள் ஆள்.

அவனுக்குப் பயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, தூரத்து ஊரில், மாமியார் வீட்டில். பாடம் வெளியானால்தான் விடுப்பு என்று காற்புள்ளி சொல்லிவிட்டார். குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டது, அவன் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. போனில் பார்க்கலாமே என்பீர்கள். அவன் மனைவி என் மனைவியைப் போலவே பிடிவாதக்காரி. முதல் மாதம் அவன் வராத கோபத்தில், குழந்தையின் பாதத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் ஒரு காது. அதற்கடுத்து பின்மண்டை. 'முகம் வேணும்னா நேர்ல வந்து பாருங்க' என்று கீழே எழுதியிருந்தாள். அவனும் பதிலுக்கு வீம்பாக, 'நேர்லயே பார்த்துக்கறேன்' என்று எழுதித் தொலைத்துவிட்டான். அன்று மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தான். பை மேசைக்கடியில் தயாராக இருந்தது.

அவனுடைய அறை ஸ்டேஷனில் தரைக்குக் கீழே, பிளாட்பாரத்துக்கு ஒரு தளம் மேலே இருந்தது. ஜன்னல் கிடையாது. அதற்குப் பதிலாகக் கூரையோரம் ஒரு இரும்புச் சல்லடை. அதன் பின்னாலிருக்கும் காற்றுக் குழாய் நேரே சுரங்கத்துக்குப் போகிறது. ரயில் வரும்போதெல்லாம் முதலில் அந்தச் சல்லடை வழியாக ஒரு மூச்சு வரும், இரும்புத்தூளும் ஈரச் சிமெண்டும் சூடான கிரீஸும் கலந்த நீண்ட வெதுவெதுப்பான மூச்சு, மேசைமேல் கிடக்கும் காகிதங்களின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிவிட்டுப் போகும். அப்புறம்தான் சத்தம் வரும். வாரநாட்களில் அது அவனுக்கு உறைத்ததே இல்லை. சனிக்கிழமைகளில் ஆபீசில் ஆளும் இல்லை, ரயிலும் குறைவு. இரண்டு மூச்சுகளுக்கு நடுவே நீண்ட மௌனம் கிடந்தது, குழாய்க்குள் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது, மேலே ஒற்றை விளக்கு நிறுத்தாமல் முனகியது.

காற்புள்ளிக்குப் போன் போட்டான். அவர் சலூனில் இருந்தார். கத்தரிச் சத்தம் கேட்டது.

"சார், பாடத்துக்குள்ள யாரோ இருக்காங்க."

"யாரு?"

"பார்வையாளர்னு காட்டுது."

"இருக்கட்டும்யா. பார்வையாளருக்குத்தானே பாடமே பண்ணோம்?"

"பாடம் இன்னும் வெளிய போகவே இல்ல சார். எப்படி உள்ள வந்தார்?"

"நீதான் சோதனைக்கு ஏதாவது பண்ணி வெச்சிருப்ப, மறந்திருப்ப. காதுகிட்டப் பார்த்துப்பா... உன்னை இல்லய்யா, இவரைச் சொன்னேன்."

"வெளிய தள்ளிப் பார்த்தேன். போக மாட்டேங்குது."

"தள்ளாத, தள்ளாத! படிக்கிறவரைப் பாதியில தள்ளினா நாளைக்கு ஆடிட்ல என் கழுத்தைப் பிடிப்பான். முடிக்கட்டும். முடிச்சா தானா வெளிய வந்துடுவார்."

"சாயங்காலம் எனக்கு பஸ் சார். பொண்ணைப் பார்க்கப் போகணும்."

"அரை மணி நேரம், அவ்வளவுதானே? ஆங், கடைசி ஸ்லைடுல 'நன்றி'க்கு அப்புறம் காற்புள்ளி போட்டியா?"

போனை வைத்தான். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"வணக்கம். சுரங்கப் பாதுகாப்புப் பயிற்சிக்கு உங்களை வரவேற்கிறோம்."

பாடத்தின் குரல். அவனே தேர்ந்தெடுத்த அம்மாளின் குரல். ஒலிப்பதிவன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம், வரிக்கு ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். வேறு நாள் தர முடியாது என்று காற்புள்ளி சொன்னதால், அத்தனை உறிஞ்சலையும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தவன் அவன். அவன் ஸ்பீக்கரை அணைத்தான். குரல் நிற்கவில்லை. லேப்டாப்பையே மூடினான். "கவனமாகக் கேளுங்கள்" என்றது குரல், சாவகாசமாக. அது சல்லடையிலிருந்து வந்தது. கீழே, குழாய்க்கு அந்தப் பக்கம், ரொம்ப தூரத்தில் யாரோ பாடத்தை ஓடவிட்டிருந்தார்கள். குரலுக்கு நடுவே 'டொக்' என்று 'அடுத்து' பட்டனின் ஒலி. எத்தனையோ ஒலிகளைக் கழித்துவிட்டு அவன் பொறுக்கியெடுத்த டொக்.

யாரோ கீழே வேலை செய்கிற ஆள், திருட்டுத்தனமாகப் பார்க்கிறான். அப்படித்தான் நினைத்தான். சரி, படிக்கட்டும், முடிக்கட்டும். லேப்டாப்பைத் திறந்து, அந்த ஆள் எந்த ஸ்லைடில் இருக்கிறான், என்ன விடை சொல்கிறான் என்று காட்டும் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தான்.

தேர்வு வந்தது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். சரியான விடை எழுதுவது சுலபம். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று தப்பான விடை எழுத வேண்டுமே, அதுதான் மண்டையை உடைக்கும். இரண்டு வரை ஒப்பேற்றிவிடலாம். மூன்றாவதற்கு ஒன்றும் தோன்றாது. அவன் சலித்துப்போய், எந்த மடையனும் தொட மாட்டான் என்ற தைரியத்தில் வாயில் வந்ததை எழுதி வைத்திருந்தான்.

சுரங்கத்தில் விளக்குகள் அணைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பார்வையாளர் தேர்ந்தெடுத்தது: 'நிம்மதியாக உட்காருவேன்.'

ஒருவர் காயம்பட்டுக் கிடப்பதைக் கண்டால்?

'பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.'

ரயில் வரும் ஓசை கேட்டால்?

'தண்டவாளத்தின் நடுவில் நின்று, ரயிலுக்குள் இருப்பவர்களை எட்டிப் பார்ப்பேன்.'

"நக்கலாடா உனக்கு?" என்றான் திரையைப் பார்த்து.

தேறாதவர் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். குரல் பேசி முடிக்கும்வரை 'அடுத்து' பட்டன் வேலை செய்யாது. யாரும் தாண்டித் தாண்டிப் போய்விடக் கூடாது என்று காற்புள்ளி சொல்ல, அந்தப் பூட்டைப் போட்டவனும் அவன்தான். வணக்கம். சுரங்கப் பாதுகாப்புப் பயிற்சிக்கு உங்களை வரவேற்கிறோம். அரை மணி நேரம் போயிற்று. மறுபடி தேர்வு. நிம்மதியாக உட்காருவேன். பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டிப் பார்ப்பேன். வணக்கம். அவன் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், பையின் ஜிப்பைத் திறந்து மூடினான். கீழே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுச் சுரங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். "ரயில் ஓடுற நேரத்துல சுரங்கத்துல யார் சார் இருப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மறுபடி தேர்வு. இந்தத் தடவை பதில்கள் சட்டென்று வந்தன, நன்றாகப் படித்துத் தயாராகி வந்த மாணவன்போல. அதே மூன்று.

விளையாடுகிறவன் ஒரு தடவையாவது மாற்றிச் சொல்வான் என்று அவனுக்கு அப்போது தோன்றியது. இது விளையாட்டில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

உடனே அந்த எண்ணத்தை உதறினான். மணி ஆகிக்கொண்டிருந்தது. மனைவி அழைத்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"இதோ. ஒருத்தன் பரீட்சைல ஃபெயிலாகிட்டே இருக்கான். அவன் பாஸ் பண்ணினதும் கிளம்பிடுவேன்."

"நல்லாருக்குங்க. போன மாசம் ஹெல்மெட்டுக்கு மஞ்சள் பத்தல. இந்த மாசம் எவனோ ஃபெயிலு. உங்க பொண்ணுக்குக் கல்யாணத்துக்காவது வருவீங்களா, இல்ல அன்னிக்கும் கமா போடணுமா?"

வைத்துவிட்டாள். ஆபீசில் யார் யாரிடமோ பேச முடியாமல் வருஷம் முழுக்கச் சேர்ந்த ஆத்திரம் அவனுக்கு உச்சிக்கு ஏறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். முகத்தைச் சல்லடைக்கு நேரே கொண்டுபோனான். உள்ளே கறுப்பு. ஈரச் சிமெண்டின் வாசனைக்குக் கீழே வேறொன்று, பல நாள் பூட்டிக் கிடந்த துணிமூட்டையைப் பிரித்த மாதிரி.

"யோவ்! விளக்கு அணைஞ்சா உட்காராதய்யா! நின்ன இடத்துலயே நின்னு கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடணும்! முதல் விடை!"

குழாய்க்குள் அவன் குரல் உருண்டு உருண்டு போயிற்று. சொட்டுவது நின்றது.

டொக்.

திரும்பித் திரையைப் பார்த்தான். பச்சை. சரியான விடை. ஒரு வருஷத்தில் முதன்முறையாக அவனுடைய பாடம் ஒருவருக்குப் புரிந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அடிபட்டவனைப் பார்த்துட்டு உட்காரக் கூடாது! உதவிக்கு ஆளைக் கூப்பிடணும்! ரெண்டாவது!"

டொக். பச்சை.

"ரயில் வந்தா நடுவுல நிக்காத! சுவத்துல ஆள் உசரத்துக்குக் குடைஞ்சிருக்கும் பாரு, மாடம் மாதிரி? ஆள் ஒதுங்கறதுக்குத்தான் அது. அதுக்குள்ள போய் நில்லு! மூணாவது!"

இதற்கு உடனே பதில் வரவில்லை.  யாரோ இத்தனை காலம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்து, அந்த மாடம் எங்கே என்று தடவித் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஆகும் நேரம். பிறகு குழாய்க்குள், முன்பைவிடக் கிட்டத்தில், மூக்கை உறிஞ்சும் ஒலி.

டொக்.

'தேர்ச்சி' என்றது திரை. மூலையில் பிரிண்டர் கண் விழித்து ஒரு அட்டையைத் துப்பியது. தேறியவருக்கு நுழைவு அட்டை தானாக வரும், வாயிற்கதவுகள் எல்லாம் தானாகத் திறக்கும். அதுவும் அவன் வைத்த வசதிதான். அவன் முதலில் ஓடிப்போய் 'வெளியிடு'வை அழுத்தினான். 'வெளியிடப்பட்டது.' அப்பாடா என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அட்டையை எடுத்துப் பார்த்தான்.

பெயர்: பார்வையாளர். படம் இருக்க வேண்டிய கட்டத்தில் முகம் அடங்கவில்லை. ஒரு காது மட்டும் விழுந்திருந்தது. சாம்பல் நிறம். மடிப்புகளுக்குள் இரும்புத்தூள் படிந்திருந்தது. அதற்குக் கீழே, துணை என்ற இடத்தில் அவன் பெயர்.

பார்வையாளர் தனியாகப் போகக் கூடாது, அவர் வெளியேறும்வரை துணை கூடவே இருக்க வேண்டும். பாடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தான். யாருடைய கணினி திறந்திருக்கிறதோ அவர் துணை. அப்போதும் அவனுக்கு முதலில் தோன்றியது, ஐயோ பஸ் போய்விடுமே என்பதுதான். மனுஷனை ஆபீஸ் அப்படி ஆக்கிவிடுகிறது.

எங்கோ கீழே ஒரு வாயிற்கதவு 'பீப்' என்றது.

திரையின் ஓரத்தில் வரி ஒன்று நகர்ந்தது. 'பார்வையாளர்: சுரங்க வாயிலைக் கடந்தார்.'

பையைக் கழற்றாமலே கணினி முன் உட்கார்ந்தான். துணையை மாற்றும் பக்கத்தைத் திறந்தான். பயிற்சியை முடித்தவர்கள் மட்டுமே துணையாக முடியும். காற்புள்ளியின் பெயரை அழுத்தினான். 'இவர் பயிற்சியை முடிக்கவில்லை.' அவருக்கே போன் போட்டான்.

"சார், நீங்க தேர்வு எழுதவே இல்லையா?"

"நான் ஏன்யா எழுதணும்? பாடத்தையே திருத்தினவன் நான்."

"திருத்தினீங்க சார். படிக்கல! இப்பவே போன்ல எழுதுங்க. சீக்கிரம், சொல்றேன்ல!"

"மூஞ்சியெல்லாம் சோப்பு. வையி போனை."

பீப். 'பார்வையாளர்: பிளாட்பார வாயிலைக் கடந்தார்.'

காற்புள்ளியின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. அது மட்டும் பளிச்சென்று எரிந்தது, அழுத்தலாம் என்று. அவன் படிக்கவில்லை. நாமெல்லாம் 'சம்மதிக்கிறேன்' என்பதைப் படிக்காமல் அழுத்துகிறோமே, அதுபோல அழுத்தினான். பாதுகாப்புப் பயிற்சி எழுதுகிறவன். அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடினான்.

லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. மேலே போய்விட வேண்டும். வெயிலுக்கு. கதவருகே போகும்போது போன்.

"ஏங்க, உங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு நானே வந்துட்டேன்."

"எங்க வந்த?"

"காலைலயே ஏறிட்டேன். அப்ப பேசினப்பக்கூட பஸ்லதான் இருந்தேன், சொல்லல. இப்ப சுரங்க ரயில்ல உட்கார்ந்திருக்கேன், அடுத்த ஸ்டேஷன் உங்களுதுதான். பிளாட்பாரத்துல வந்து நில்லுங்க, முகத்தைக் காட்டறேன். இவளுக்கு ஜன்னல்னா உசுருங்க. வெளிய ஒரே இருட்டு, அதைப் பார்த்துச் சிரிச்சிட்டே வர்றா."

"எங்க பார்த்து?"

"ஜன்னலைத்தான். ஒவ்வொண்ணா யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்துச் சிரிக்கிறா. லூசுக் குட்டி."

லிஃப்ட் அவன் தளத்தில் நின்றது. கதவு திறந்தது. காலி. அந்தத் துணிமூட்டை வாசனை மட்டும் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றது.

அவன் மேலே போகவில்லை. படியில் கீழே ஓடினான். பிளாட்பாரத்துக்கு. குழந்தையிடம். முதல் திருப்பத்தில் போன் சிணுங்கியது. ஓடிக்கொண்டே பார்த்தான்.

'துணை மாற்றம் ஏற்கப்பட்டது. நீங்கள் இப்போது பார்வையாளர். உங்கள் துணை உங்களை அழைத்துச் செல்ல வருகிறார்.'

விளக்குகள் அணைந்தன.

நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அவன் நிற்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்கினான். பின்னால் சத்தமில்லை. காலடி இல்லை. மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும். அவன் வெட்டி எறிந்த உறிஞ்சல்கள். ஒவ்வொன்றாக. வரிசையாக.

"கவனமாகக் கேளுங்கள்" என்றது அந்த அம்மாளின் குரல். காதுக்குப் பக்கத்தில். "இடது பக்கம்."

கால் திரும்பியது. அவன் திருப்பவில்லை.

"அடுத்து."

படி முடிந்தது. சமதளம். பிளாட்பாரம் வந்துவிட்டது. சுவரைத் தொட்டான். வழவழப்பான ஓடு இருக்க வேண்டும். சொரசொரவென்று சிமெண்டு. ஈரம். காலடியில் சரளைக்கல். மணிக்கட்டைச் சுற்றி ஏதோ ஜில்லென்று. பிடித்திருக்கவில்லை. வழி காட்டியது. மரியாதையாக.

"அடுத்து."

காற்று வந்தது. நீண்ட வெதுவெதுப்பான மூச்சு. ரயில்.

"மாடத்தில் நிற்க வேண்டும்" என்றது குரல். உறிஞ்சியது. "நீங்கள் சொன்னீர்கள்."

தோளில் ஒரு அழுத்தம். முதுகு குழிவான சுவரில் பொருந்தியது. கத்த வாயைத் திறந்தான். ரயிலின் ஊதல் அதை எடுத்துக்கொண்டது.

வளைவில் முன்விளக்கு திரும்பியது. சுரங்கம் கடைசிவரை வெளிச்சமாயிற்று. இரண்டு பக்கச் சுவரிலும் மாடங்கள். மாடத்துக்கு ஒருவர். ஆண்கள். பெண்கள். பழைய காலத்துத் தொப்பிகள். சாம்பல் முகங்கள். எல்லோரும் ஒதுங்கி, ஒழுங்காக, முதுகைச் சுவரில் ஒட்டி நின்றார்கள். ஒருவர்கூடத் தண்டவாளத்தில் இல்லை. நல்ல பாடம்.

பிறகு ஜன்னல்கள். மஞ்சள் வெளிச்சம். ஸ்டேஷன் நெருங்கியதால் மெதுவாக, ரொம்ப மெதுவாக. மனைவி குனிந்து போனில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பையில் போன் துடித்தது. கை எழவில்லை. அவள் தோள்மேல், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஒரு முகம்.

முகம்.

அவனுடைய நெற்றி. அவளுடைய வாய். மோவாயில் ஒரு குழி.

குழந்தை மாடம் மாடமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராக. ஒவ்வொருவருக்கும் ஒரு சிரிப்பு. மாடங்களில் இருந்த தலைகள் எல்லாம் அந்த ஜன்னலோடு மெல்லத் திரும்பின.

அவனிடம் வந்தது. பார்த்தது. மற்றவர்களுக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தது. அடுத்த மாடத்தைப் பார்க்கத் திரும்பியது.

என் மனைவி, அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அவளுக்குத் தம்பி ஏது?